வெள்ளைக் காப்பு போட்ட கத்திரிக்காய்

கத்திரிக்காய்க்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆலாங்காட்டுப்புதூரில் யாரும் யோசித்ததில்லை. காய்க்கும், பறிப்பார்கள், கூடையில் கட்டி வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏற்றுவார்கள், மிச்சத்தைக் குழம்பு வைப்பார்கள். அதற்கு மேல் ஒரு காயிடம் கேட்க என்ன இருக்கிறது? பாவாத்தாள் மட்டும்தான் கேட்டாள். அவளும் வேலை மெனக்கெட்டுக் கேட்கவில்லை. இருபது வருஷமாக ஒரே தோட்டத்தில் குனிந்து களையெடுத்தவளுக்கு, இலைக்கு அடியில் நடப்பதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது.

தோட்டம் செங்கோட்டையக் கவுண்டருடையது. ஊருக்கு மேற்கே வண்டித்தடத்தை ஒட்டி எட்டு ஏக்கர் செம்மண், நடுவில் கிணறு. பாவாத்தாளின் புருஷன் சின்னான் அந்தக் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டுகிறவன். விடிய எருதுகளைப் பூட்டுவான். அவை சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, தோல் சால் தண்ணீரோடு மேலே வந்து தொட்டியில் கொட்டும். எருதுகளைப் பின்னுக்கு நடத்தினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். வெயில் உச்சிக்கு ஏறும் வரை இதுதான் வேலை. தண்ணீர் வாய்க்காலில் ஓடிவர, பாவாத்தாள் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாக மடை திருப்புவாள். புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்கப் பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை. தண்ணீர் வருகிற வேகத்திலேயே அவன் களைத்துவிட்டானா, எருது முரண்டுகிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

தை பிறந்து கொஞ்ச நாளில், கிணற்றோரம் கத்திரிப் பாத்தியில் களையெடுக்கும்போது, ஒரு பிஞ்சின்மேல் காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்று ஒட்டிக்கிடப்பதைப் பார்த்துத் தட்டிவிட்டாள். ஓலை கிடந்த இடம் பாலாக வெளுத்திருந்தது. சொத்தை என்று நினைத்து நகத்தால் கீறினாள். சொத்தை இல்லை. காம்பை ஒட்டி மூடியிருந்த பச்சைத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். அதன் அடியிலும் வெள்ளை. பக்கத்துக் காயிலும் அப்படியே. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கில் நறுக்கியும் கவனிக்காமல் போனோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கல்யாணத்தன்று ஏறிய பித்தளைக் காப்பை மேலே தள்ளிப் பார்த்தாள். மணிக்கட்டில் வெயில் படாத தோல் வெளுத்துத்தான் கிடந்தது.

"அட, நம்மளாட்டத்தான் இதும் கறுக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். விளையாட்டுப் புத்தி விடவில்லை. ஓலையை விரல் அகலத்துக்குக் கிழித்து ஒரு பிஞ்சைச் சுற்றித் தளர்த்தியாக வைத்து, கருவேல முள்ளால் குத்திவிட்டாள். பத்து நாள் கழித்துப் பிரித்தால், கருநீலக் காயின் இடுப்பில் வெள்ளைக் காப்பு ஒன்று சுற்றி நின்றது. புருஷனுக்குக் காட்ட வேண்டுமென்று பறிக்காமல் செடியிலேயே விட்டாள். அவனோ வண்டி கட்டிச் சந்தைக்குப் போனான், பிறகு எருதுக்கு லாடம் அடிக்கப் போனான், அஞ்சாம் நாள்தான் வந்து குந்தினான். காயில் காப்பும் இல்லை, கீறலும் இல்லை. தலையிலிருந்து கால்வரை ஒரே கருநீலம்.

"எங்கடி உன்ற வெள்ளக் காப்பு?"

"முந்தாநேத்து வரைக்கும் தெரிஞ்சுது மாமா. சத்தியமா."

"வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு உனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. போயி மோரு வாங்கிக் குடி, போ."

அவள் விடவில்லை. இன்னொரு காய்க்கு ஓலை கட்டி, அவிழ்க்கும்போது அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். தினம் பொழுது சாய இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். முதல் நாள் பால் வெள்ளை. இரண்டாம் நாள் லேசாகச் சிவப்போடியது. மூன்றாம் நாள் வெங்காயத்தோல் நிறம். நாலாம் நாள் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. அஞ்சாம் நாள் ஒன்றுமில்லை.

"அட இவளே!" என்றான் சின்னான். "வெயிலு வந்து பூசீட்டுப் போகுதா?"

"செடியில இருந்தாத்தான் மாமா. பறிச்சுப்போட்டா வெள்ள வெள்ளையாவே நிக்குது. தொப்பிய உரிச்சுப் பறிச்சுப்போட்ட காயில நான் பாத்துட்டேன்."

அவன் அவளை ஒருமாதிரி பெருமையாகப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பல நாள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவதாகக் கட்டின காயை அவிழ்த்ததுமே பறித்து, பண்ணாடிச்சிக்குக் காட்ட எடுத்துப்போனாள். பண்ணாடிச்சி என்பது கவுண்டரின் மனைவி பழனாத்தாள். பண்ணையத்து ஆட்கள் கவுண்டரைப் பண்ணாடி என்றும் அவளைப் பண்ணாடிச்சி என்றும்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பாவாத்தாளுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது கூப்பிடுகிற முறையோடு முடிகிறதல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழனாத்தாளுக்கு அம்மை வார்த்து உடம்பெல்லாம் முத்துப் போட்டபோது, சொந்தபந்தம் வாசலோடு நின்றுகொண்டது. இருபத்தொரு நாள் வேப்பிலையால் விசிறி, இளநீர் புகட்டி, சீழ் துடைத்தவள் பாவாத்தாள். அந்த இருபத்தொரு நாளும் தீட்டு என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாளே எழுந்துவிட்டது. அதன்பிறகு பழனாத்தாள் எது கொடுத்தாலும் ஒரு சாண் உயரத்தில் இருந்து மடியில் போடுவாள். பாவாத்தாள் அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போடுகிற கை பிரியமான கை என்று நம்பினாள்.

காயைப் பார்த்துப் பழனாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன்டி பாவாத்தா, கத்திரிக்காய்க்குச் சீமந்தமா வெச்சிருக்கற? காப்பெல்லாம் போட்டு உட்டிருக்கறே!"

"உங்களுக்குக் காட்டோணும்னுதானுங் பண்ணாடிச்சி."

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கவுண்டர் வந்தார். காயை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இத எப்புடிச் செஞ்சே?"

"ஓலையச் சுத்தி முள்ளுக் குத்தி உட்டேனுங் பண்ணாடி. வெயிலு படாத எடம் வெள்ளையா நின்னுபோச்சுங்க."

"எத்தன நாளு கட்டோணும்?"

"பத்து நாளு கட்டோணுமுங்க. ஆனா பண்ணாடி, அவுத்ததுக்கு அப்பறம்..."

வண்டித்தடத்தில் கம்பம் நடுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். "சரி, போ போ" என்று சொல்லிக்கொண்டே கவுண்டர் இறங்கிப் போய்விட்டார். பாதி வித்தைதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

கம்பம் என்றால் கரண்டுக் கம்பம். பைக்காரா மலையிலிருந்து கரண்டு கோயமுத்தூருக்கு வந்து, அங்கிருந்து பொள்ளாச்சிப் பக்கமும் இறங்கிவிட்டிருந்த காலம் அது. கிணற்றுக்கு மோட்டார் வைத்தால் பகலென்ன ராவென்ன, தண்ணீர் தானாக ஏறும் என்று ஊரெல்லாம் பேச்சு. புதூரில் முதல் மோட்டார் செங்கோட்டையக் கவுண்டருக்குத்தான். கோயமுத்தூரிலிருந்து கோவிந்தராஜுலு நாயுடு என்று ஒரு ஃபிட்டர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்து, நூல் போட்டு ஆழம் அளந்தார். பாவாத்தாள் மடையோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பங்குனிக்குள்ள ஓட்டிக் காட்டிர்றனுங்க. சுவிச்சத் தட்டுனாப் போதும். எருது வேண்டாம், ஆளு வேண்டாம்" என்றார் நாயுடு.

கவுண்டர் சின்னான் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எருத வேண்டாம்னு சொல்லிப்போடலாமுங்க நாயுடு. சந்தையில கொண்டுபோயி நிறுத்துனா முடிஞ்சுது. ஆள அப்புடிச் சொல்ல முடியுமா?"

அவர் மனசு எவ்வளவு பெரியது என்று பாவாத்தாள் அன்று நினைத்துக்கொண்டாள். அவர் சொன்னதன் முழு அர்த்தம் அவளுக்கு அன்று ஏறவில்லை.

அந்தக் கிணற்றைத் தோண்டியபோது பாறைக்கு வைத்த வெடி முன்கூட்டியே வெடித்துச் செத்தவன் சின்னானின் அப்பன். பிணத்தை மேலே தூக்கிப் போட்டதும், செங்கோட்டையக் கவுண்டரின் தகப்பனார் ஊர் பார்க்கக் கிணற்று மண்ணைக் கையில் அள்ளி, "இந்தக் கெணத்துல தண்ணி எறைக்கற வரைக்கும் இவன் குடிக்கு இங்கதான் சோறு" என்று மாகாளியம்மன்மேல் ஆணையிட்டார். மோட்டார் இறைத்தாலும் இறைப்பு இறைப்புதான். காரணமில்லாமல் சின்னானை அனுப்பினால் ஆணை தவறிய குடும்பம் என்று ஊர் காறித் துப்பும். ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆணை கள்ளனைக் கட்டாது. பண்ணையத்து ஆள் களவு செய்து பிடிபட்டால், கொடுத்த சொல் அன்றோடு தீர்ந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

மாசி பாதியில் பாவாத்தாளைத் தெற்குக் காட்டில் பருத்தி எடுக்கப் போகச் சொன்னார்கள். பதினைந்து நாள் கத்திரிப் பாத்திப் பக்கமே அவள் வரவில்லை. வேலை மாற்றியது அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை, பருத்தி வெடித்துக் காற்றில் பறந்துகொண்டுதான் இருந்தது.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, காலை வெயில் ஏறுகிற நேரம். மாட்டுச்சாணம் வழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினவளைப் பழனாத்தாள் பின்வாசலில் நின்று கூப்பிட்டாள். பூவரச இலையில் பொதிந்து நாரால் கட்டின ஒரு சிறு பொட்டலம் அவள் கையில் இருந்தது.

"பாவாத்தா, கத்திரிக்காய் ரெண்டு இருக்குது. ஊட்டுக்குப் போயிப் பிரிச்சுக் கொழம்பு வெச்சுக்க."

பாவாத்தாள் மடியை விரித்தாள். ஆனால் பழனாத்தாள் மேலிருந்து போடவில்லை. கிட்டே வந்து, பொட்டலத்தைத் தன் கையாலேயே அவள் மடியில் வைத்துச் சொருகினாள். அவள் விரல் பாவாத்தாளின் இடுப்பில் பட்டது. அம்மை இறங்கிய ஆறு வருஷத்தில் அந்தக் கை அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வாரனுங் பண்ணாடிச்சி" என்றாள்.

பழனாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோட்டத்துப் படல் அருகே கவுண்டர் நின்றார். கூட ஊர்க்கவுண்டர் ஐயாசாமியும் வேறு நாலைந்து பேரும். கரண்டு வேலை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து பாவாத்தாள் ஒதுங்கி நடந்தாள்.

"மடியில என்ன பாவாத்தா?" என்றார் கவுண்டர்.

"கத்திரிக்காயிங்க."

"பிரி."

பிரித்தாள். இரண்டு காய். இரண்டின் இடுப்பிலும் வெள்ளைக் காப்பு.

அரை நாழிகையில் மாகாளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. சின்னானைக் கவலையிலிருந்து கூட்டிவந்து தள்ளி நிறுத்தினார்கள். அவன் கையில் சாட்டைக் குச்சி அப்படியே இருந்தது. பழனாத்தாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கோயில் தூணுக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு நின்றாள். செங்கோட்டையக் கவுண்டர் நிதானமாகச் சொன்னார். சொல்லிச் சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார்.

"ஒரு மாசமாக் காயி கொறஞ்சிட்டே இருக்குதுங்க. ஆள் மேல பழி போடக் கூடாதுன்னு பொறுத்துப் பாத்தேன். அப்பறம் பத்துப் பிஞ்சு பாத்து ஓலை கட்டி உட்டேன். வெயிலு படாத எடம் வெள்ளையா நிக்கும்ங்க. திங்கக்கெழமை பொழுது சாய பத்தையும் அவுத்தேன். இன்னிக்கு விடிய எண்ணிப் பாத்தா எட்டுத்தான் இருக்குது. மிச்சம் ரெண்டும் எங்க இருந்துதுன்னு நீங்களே உங்க கண்ணால பாத்துட்டீங்க."

கூட்டம் முணுமுணுத்தது. ஓலை கட்டிக் கள்ளனைப் பிடித்த சாமர்த்தியத்தை இரண்டு பேர் மெச்சவும் செய்தார்கள். தன் விளையாட்டு அவர் வாயில் அவர் யோசனையாக வருவதைப் பாவாத்தாள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீ என்ன சொல்ற?" என்றார் ஐயாசாமி.

"பண்ணாடிச்சி குடுத்ததுங் சாமி. இப்பத்தான், பின்னாசல்ல வெச்சு, அவுங்க கையால மடியில வெச்சாங்க."

"கையால வெச்சாளா?" என்று யாரோ சிரித்தார்கள். எந்த ஊரில் பண்ணாடிச்சி ஆளின் மடியைத் தொட்டுக் கொடுப்பாள்? அந்த ஒரு சொல்லிலேயே பாவாத்தாள் பொய்க்காரி ஆகிவிட்டாள். அப்படி ஆக வேண்டும் என்றுதான் அந்தக் கை அவளைத் தொட்டதா என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

ஐயாசாமி தூணைப் பார்த்துக் கேட்டார். "அம்முணி பழனாத்தா, நீ குடுத்தியா?"

பழனாத்தாள் தரையைப் பார்த்தாள். அம்மைத் தழும்பு நிறைந்த கன்னம் மட்டும் முந்தானைக்குள் தெரிந்தது. அந்தத் தழும்பு ஒவ்வொன்றும் பாவாத்தாளுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணுங் குடுக்கலீங் மாமா."

பாவாத்தாள் அழவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் அவள் கண் அந்த இரண்டு காய்கள்மேல் போய் நின்றது. வெள்ளை பால் மாதிரி இருந்தது. திங்கட்கிழமை அவிழ்த்ததாம். இன்று வெள்ளி. நடுவில் முழுசாக மூன்று நாள் பங்குனி வெயில். அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று.

"சாமி, திங்கக்கெழமை பத்தையுந்தான அவுத்தாரு? இன்னொருக்காக் கேட்டுச் சொல்லுங்க."

"பத்தையுந்தான். எத்தன தடவ சொல்றது?" என்றார் செங்கோட்டையக் கவுண்டர்.

"அப்ப மிச்ச எட்டுக் காயும் செடியிலதானுங் இருக்குது. அந்த எட்டையும் ஒருக்கா பாத்துப்போட்டு என்னையத் திருடின்னு சொல்லுங்க சாமி."

"அத எதுக்குப் பாக்கறது?"

"பாத்தா என்ன தேஞ்சா போகுது? நாலெட்டு நடை" என்று ஐயாசாமி எழுந்துவிட்டார். அவருக்கு வயசு எழுபது. மோட்டாரும் கம்பமும் அவருக்குப் பிடிபடாது, செடி கொடி என்றால் பிடிபடும்.

கூட்டம் தோட்டத்துக்குப் போயிற்று. பாவாத்தாளும் சின்னானும் கடைசியில் வந்தார்கள். செங்கோட்டையக் கவுண்டர் அடையாளக் குச்சி நட்டிருந்த முதல் செடியின் இலையைத் தூக்கினார். காய் இருந்தது. காப்பு இல்லை. அவர் காயைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த செடிக்குப் போனார். அதற்கடுத்த செடிக்கு வேகமாகப் போனார். எட்டுக் காயும் கறுத்துக் கிடந்தன.

"காப்பு எங்கப்பா?" என்றார் ஐயாசாமி.

"இங்கதானுங் சாமி, நல்லா உத்துப் பாருங்க" என்று பாவாத்தாள் எட்ட நின்றே காட்டினாள். "லேசாச் செவப்போடித் தெரியுதா? வெயிலு படாத வரைக்குந்தானுங் வெள்ள. ஓலைய அவுத்துச் செடியில உட்டா வெயிலு நெறத்தத் திரும்பக் கொண்டாந்துருமுங்க. நாளைக்கு வந்தீங்கன்னா இந்தச் செவப்புந் தெரியாது. பறிச்ச காய்க்கு மட்டுந்தான் அந்தப் பாக்கியமில்ல, அது வெள்ளையாவே நின்னுபோகும். என்ற மடியில இருந்ததப் பாருங்க. பால் வெள்ள. இன்னிக்கு விடிய நான் பறிச்சிருந்தா அதும் இந்த எட்டாட்டத்தானுங் கறுத்திருக்கோணும்? அவுத்தன்னிக்கே, அவுத்த கையோட பறிச்ச காயிங்க அது ரெண்டும்."

ஐயாசாமி இரண்டு காய்களையும் வாங்கிச் செடியிலிருந்த காயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு காம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். காம்பு வளைந்தது.

"வாடிப்போன காம்பு" என்றார் மெதுவாக. "இது நாலு நாளைக்கு முந்திப் பறிச்ச காயி. செங்கோட்டையா, ஓலைய அவுக்கறப்ப உன்ற கூட யாரு இருந்தா?"

செங்கோட்டையக் கவுண்டருக்கு நெற்றியில் வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. அவர் முகம் சுண்டிப்போனதை ஊரே பார்த்தது. சற்று முன் மெச்சினவர்கள் காலால் மண்ணைக் கிளறினார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாவாத்தாள் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தின் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

அப்போதுதான் சின்னான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து வாய்க்கால் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"நாந்தானுங் சாமி! நாந்தான்! திங்கக்கெழமை பண்ணாடி ஓலைய அவுத்துப்போட்டு அக்கட்டால போனதும், நாந்தானுங் பறிச்சு ஒளிச்சு வெச்சேன். அதனாலதானுங் வெள்ளையா நிக்குது. அவகிட்ட நாந்தான் குடுத்தேன். பயத்துல பண்ணாடிச்சி மேல பழியப் போட்டுப்போட்டா. பண்ணாடி மேல ஒரு குத்தமுமில்லீங் சாமி!"

பாவாத்தாளுக்குக் காது அடைத்துப்போயிற்று. அவள் அவனைக் கையைப் பிடித்து இழுத்து, குந்தவைத்து, நாள் நாளாகக் காட்டிக் கொடுத்த கணக்கு அது. ஊரில் அவளைத் தவிர அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதை வைத்தே, எங்கும் ஓட்டை விழாமல், அவளைத் திருடியாகவும் பொய்க்காரியாகவும் கட்டிப்போட்டுவிட்டான்.

ஐயாசாமிக் கவுண்டர் விட்ட பெருமூச்சு எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு கவுண்டனைக் கள்ளன் என்று சொல்லும் வேலையிலிருந்து தப்பித்த மூச்சு. அவர் கிழவர்தான், குருடர் அல்ல. சேற்றில் கிடந்தவனையும் நின்றவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"செஞ்சவனே ஒத்துக்கிட்டான். அப்பறம் நாம பேச என்ன இருக்குது?" என்றார். "அமாவாசைக்குள்ள ஊர உட்டுப் போயிரு சின்னா. செங்கோட்டையா, உங்கப்பன் சொன்ன சொல்லு இத்தோட தீந்துபோச்சு."

செங்கோட்டையக் கவுண்டருக்கு முகம் திரும்ப வந்துவிட்டது. "அந்த ரெண்டு காயையும் அவுங்களே கொண்டுபோகட்டுமுங்க. திங்கற காய்க்கு நான் ஒண்ணும் பஞ்சப்பட்டுப் போகல" என்றார். பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள்.

ஊரை ஒட்டிப் பண்ணையத்து ஆட்கள் குடியிருந்த வளவுக்கு இருவரும் திரும்பினார்கள். குடிசைக்குள் நுழைந்ததும் பாவாத்தாள் கேட்டாள்.

"நீ பாத்தீல்ல மாமா? தெனமும் பாத்தீல்ல?"

"பாத்தேன்."

"நான் பறிக்கலீன்னு தெரியுந்தான?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு?"

சின்னான் சுவரோரம் குந்தினான். மேலெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"பண்ணாடி மொகத்தப் பாத்தியா நீ? செத்த ஆளாட்டம் ஆயிப்போச்சு. எங்கப்பன மேல தூக்கிப் போட்டப்ப அவுங்கப்பன் அழுதாரு பாவாத்தா. என்னைய மடியில வெச்சுட்டு அழுதாரு. அந்த ஊட்டு மனுசன ஊரு நடுவால கள்ளன்னு சொல்ல உட்டுப்போட்டு நான் எப்புடி நிக்கறது? நாம திருடுனோம்னா ஊருக்கு ரெண்டு நாப் பேச்சு. அவுரு திருடுனாருன்னா அவுரு எங்க போவாரு?"

"நான் எங்க போவேன்?"

அவன் காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினான்.

"வெள்ளகோயில்ல மக ஊட்டுக்குத்தான் போகோணும். அவ மாமியா என்னையத் திருடீன்னுதான படியேத்துவா? அங்க போயிம் நான் காயக் காட்டுவனா மாமா?"

"அவுங்க உப்பத் தின்னு வளந்த ஒடம்புடி இது" என்றான் சின்னான்.

பாவாத்தாள் அரிவாள்மனையை எடுத்துப்போட்டு இரண்டு காய்களையும் நறுக்கினாள். கருநீலத் தோலும் வெள்ளைத் தோலுமாகத் துண்டுகள் சட்டியில் விழுந்தன. பண்ணாடிச்சி வீட்டில் வாங்கி வைத்திருந்த கல் உப்புச் சட்டியைக் கையில் எடுத்தவள், ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

தோட்டத்துப் பக்கமிருந்து புதுச் சத்தம் ஒன்று கேட்டது. நாயுடு மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறார். விட்டுவிட்டு இரைந்து, கடைசியில் விடாமல் இரைய ஆரம்பித்தது. சின்னான் தலையைத் தூக்கிக் கேட்டான்.

குழம்பு கொதித்தது. கருநீலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கி வெளுத்தது. எது வெயில் பட்ட தோல், எது படாத தோல் என்று இல்லாமல் எல்லாத் துண்டும் ஒரே சாம்பல் பழுப்பாயின. ஐயாசாமிக் கவுண்டர் வந்து பார்த்தாலும் இனி ஒன்றும் தெரியாது.

பொழுது சாய்ந்தபோது வட்டிலில் ராகிக் களியை உருட்டிப் போட்டு, குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"தின்னு மாமா."

அவன் ஒரு வாய் எடுத்துப் போட்டான். மென்றுகொண்டே அவளைப் பார்த்தான்.

"உப்புப் போட மறந்துபோட்டியா?"

"மறக்கல. திருடுன காய்க்கு எதுக்கு மாமா பண்ணாடி ஊட்டு உப்பு?"

சின்னான் தலையைக் குனிந்துகொண்டான். மோட்டார் இரைந்துகொண்டே இருந்தது. அவன் அடுத்த வாயை எடுத்தான். வட்டில் காலியாகும் வரை பாவாத்தாள் அவன் எதிரிலேயே நின்றாள்.